தப்பான பருவத்தில் ஒரு கூடாரம்

ஜப்பானில் கூடாரம் அடித்துத் தங்க ஆண்டிலேயே மோசமான பருவம் எதுவென்று பழகிய முகாம்காரர் யாரையாவது கேளுங்கள். யோசிக்காமல் சொல்வார்: ஜூலையும் ஆகஸ்டும். சரி, பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கூடாரம் அடிக்கப் போவது எப்போது? அதே ஜூலை, ஆகஸ்டில்தான். அந்த நாட்டுக் கோடை முகாம்களில் வெளியாருக்கு விசித்திரமாகத் தெரிகிற பழக்கங்கள் பலவும் இந்த ஒரு முரணிலிருந்துதான் கிளைக்கின்றன. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை. ஆனால் நமக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

முதலில் பருவத்தைப் பார்த்துவிடலாம். ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை, ஹொக்கைடோ தீவைத் தவிர்த்து, ஜப்பானின் பெரும்பகுதியில் மழைக்காலம். கொட்டித் தீர்க்கிற நாட்களும் உண்டு. பெரும்பாலும் நாள்கணக்கில் நசநசவென்று பிடித்துக்கொள்ளும் மழைதான். அது விட்ட கையோடு வெயில் ஏறும். டோக்கியோவில் ஆகஸ்ட் மாதப் பகல் உச்சம் சராசரியாக 31 டிகிரி செல்சியஸ். “இதற்கா இத்தனை பேச்சு?” என்று வேலூர்க்காரர் கேட்கலாம். சராசரியை நம்பி ஏமாறக் கூடாது. 35 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் இப்போது சர்வசாதாரணம். 2025 ஆகஸ்ட் 5 அன்று குன்மா மாகாணத்து இசேசாகியில் 41.8 டிகிரி பதிவானது. அதற்கு மேல் காற்றில் ஈரம். ராத்திரியிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத சமவெளியில், காற்று நுழையாத நைலான் துணிக்குள் நாலு பேர் அடுத்தடுத்துப் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

சூரியன் தருகிற தொல்லை தனி. நாடு முழுக்க ஒரே நேரம்தான், கோடைக்கென்று கடிகாரத்தை மாற்றுகிற வழக்கமும் கிடையாது. அதனால் ஜூலைக் கடைசியில் டோக்கியோப் பக்கத்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடுகிறது, சாயங்காலம் ஏழு மணிக்குள் போயும்விடுகிறது. ஆறு மணிக்கெல்லாம் கூடாரத்துக்குள் வேர்த்து ஊற்றி எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் இடம் பிடிக்கும்போதே கிழக்கில் மரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணுக்கு அழகான காட்சியைவிடக் காலை எட்டு மணி வரைக்கும் கிடைக்கிற நிழல் பெரிசு.

இதோடு ஆகஸ்டில் புயல்கள் வரத் தொடங்கும், மலைப்பக்கம் மாலை இடிமழை, போதாததற்குப் பூச்சிகள். அக்டோபர் வந்தால் இவை பெரும்பாலும் ஓய்ந்து, காற்று உலர்ந்து, இலைகள் சிவந்து, ராத்திரிக்கு நெருப்பு மூட்டினால் அதன் அருகே உட்கார ஆசையாக இருக்கும். ஜப்பானில் முகாம் மோகத்தைக் கிளப்பியதில் பெரிய பங்கு ‘யுரு கேம்ப்’ என்ற மாங்கா படக்கதைக்கு. 2015இல் தொடராக வரத் தொடங்கி, 2018இல் அனிமேயும் ஆனது. அதில் வருகிற பள்ளி மாணவி ரின்னுக்குப் பிடித்தது குளிர்கால முகாம். அப்போதுதான் பூச்சியும் இல்லை, கூட்டமும் இல்லை. தனியாகப் போகிறவளுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது. இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனாக இருப்பவருக்கு அது இல்லை.

ஏன் இல்லை? பள்ளி ஆண்டு அங்கே ஏப்ரலில் தொடங்குகிறது. நீண்ட விடுமுறை என்று பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஜூலை 20ஐ ஒட்டித் தொடங்கும் சுமார் நாற்பது நாள்தான். அப்பாவுக்கு அதுவும் இல்லை. அலுவலகங்கள் சேர்ந்தாற்போல் மூடுவது ஆண்டுக்கு மூன்று சமயங்களில்: புத்தாண்டு, ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் வரும் தொடர் விடுமுறை, அப்புறம் ஆகஸ்ட் நடுவில் ஓபோன். இறந்த முன்னோர் வீட்டுக்கு வந்து போவதாக நம்பப்படும் நாட்கள் அவை, பெரும்பாலான இடங்களில் 13 முதல் 16 வரை. அந்த நாலைந்து நாளுக்குள் சொந்த ஊருக்குப் போய்க் கல்லறை கழுவி, தாத்தா பாட்டியைப் பார்த்து, மிச்சமிருந்தால்தான் கூடாரம். இல்லாவிட்டால் ஒரு சனி, ஞாயிறு. ஆகவே குடும்ப முகாம் என்றால் பெரும்பாலும் ஓர் இரவு. அபூர்வமாக இரண்டு. ஐரோப்பியர்கள் மூன்று வாரம் ஒரே ஏரிக்கரையில் கிடப்பதைப் படித்துவிட்டு ஜப்பானுக்குப் போனால் ஒன்றும் புரியாது.

ஆக, தப்பான பருவம், கையிலோ ஓர் இரவு. இதை அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் மிச்சக் கதை.

முதல் வழி, மேலே ஏறிவிடுவது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும் என்பது பள்ளிப் பாடம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி. டோக்கியோ ராத்திரி 27 டிகிரியில் புழுங்கும்போது, ஆயிரம் மீட்டர் உயரத்தில் 21. ஒன்று தூங்காத இரவு, மற்றது போர்வை தேடும் இரவு. அதனால் கோடையில் தளம் தேடுகிற ஜப்பானியக் குடும்பம் ஊர்ப் பெயருக்கு முன்னால் உயரத்தைப் பார்க்கிறது. தளங்களும் தங்கள் விளம்பரத்திலேயே கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று போட்டுக்கொள்கின்றன. எண்ணூறுக்குக் கீழே என்றால் ஆகஸ்டில் நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

டோக்கியோக்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம். வடமேற்கே அசாமா எரிமலையின் அடிவாரத்தில் கருய்சாவா, சுமார் ஆயிரம் மீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரப் பாதிரிமார் வெயிலுக்குப் பயந்து ஏறிய இடம். இப்போது அதன் சுற்றுவட்டாரமெல்லாம் முகாம் தளங்கள். மேற்கே ஃபூஜி மலையைச் சுற்றி ஐந்து ஏரிகள். அவற்றில் மோதோசு ஏரியின் கரையிலிருந்து தெரியும் ஃபூஜியைத்தான் 2004இல் வந்த ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டார்கள். ஏரி சுமார் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குத் தெற்கே அசகிரி மேட்டுநிலத்தில் ஃபுமோதொப்பாரா என்ற பரந்த புல்வெளி. ஃபூஜி முழுசாக, மறைப்பே இல்லாமல், கூடாரத்து வாசலுக்கு நேரே நிற்கும்.

நிற்கும் என்றா சொன்னேன்? கோடையில் பெரும்பாலும் நிற்காது. ஈரக்காற்று ஏறி மலையைப் பகலெல்லாம் மேகத்தால் மூடிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் பார்க்கலாம். அப்போதும் நாம் காலண்டரில் பார்த்த வெள்ளைத் தொப்பி இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் பனி உருகிப்போய், செம்பழுப்பு நிறத்தில் மொட்டை எரிமலையாகத் தெரியும். குழந்தைகள் “இதுவா ஃபூஜி?” என்று கேட்பார்களாம். நியாயமான கேள்வி.

ஏற முடியாதவர்களுக்கு இரண்டாவது வழி, தண்ணீர். ஜப்பானிய ஆறுகள் நீளம் குறைந்தவை, மலையிலிருந்து சரசரவென்று இறங்குபவை. அதனால் ஆகஸ்டிலும் தண்ணீர் சில்லென்றிருக்கும், அடியில் கூழாங்கல் எண்ணலாம். டோக்கியோவிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரத்தில் யமனாஷி மாகாணத்துத் தோஷி கிராமம் இருக்கிறது. தோஷி ஆற்றை ஒட்டி வரிசையாக முகாம் தளங்கள். அந்தத் தண்ணீரை யோகோஹாமா நகரம் 1897 முதல் குடித்து வருகிறது. 1916இல் கிராமத்தின் காட்டில் ஒரு பகுதியை நகரமே வாங்கி, இன்றுவரை பராமரிக்கிறது. அந்த அளவுக்குச் சுத்தமான ஆறு. குழந்தைகள் முழங்கால் ஆழத்தில் நண்டும் மீனும் துழாவிக்கொண்டிருக்க, பெரியவர்கள் நாற்காலியைத் தண்ணீருக்குள்ளேயே போட்டுக் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தர்ப்பூசணி ஒன்று கற்களுக்கிடையே ஓடும் நீரில் குளிர்ந்துகொண்டிருக்கும்.

ஆனால் ஆறு என்றதும் அங்கே நாற்பதைத் தாண்டிய எவருக்கும் நினைவுக்கு வருவது 1999 ஆகஸ்ட் 14. கனகாவா மாகாணத்தில் குரோகுரா என்ற ஆறு. ஓபோன் விடுமுறை. ஆற்றின் நடுவே இருந்த மணல்திட்டில் ஒரு குழு கூடாரம் அடித்திருந்தது. முதல் நாளே மேலே பலத்த மழை. வெளியேறும்படி அணைக்கட்டு ஊழியர்களும் போலீஸாரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பலர் வெளியேறினார்கள், சிலர் தங்கினார்கள். மறுநாள் காலை கரைக்கு வர வழியில்லாமல் இடுப்பளவு வெள்ளத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றதும், மீட்புக் குழுவினர் கரையிலிருந்து கயிறு எறிந்து தோற்றதும் தொலைக்காட்சியில் ஓடின. 18 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். 13 பேர் இறந்தார்கள், அவர்களில் சிறு குழந்தைகளும் உண்டு.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஆற்றின் இயல்பு. ஆறு நீளம் குறைவு, சரிவு அதிகம் என்றேன் அல்லவா? கோடையில் சில்லென்று நீர் தருகிற அதே காரணம்தான் ஆபத்துக்கும் காரணம். மலையில் பெய்த மழை அரைநாளில் அல்ல, அரைமணியில் கீழே வந்துவிடும். தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும். மேலே அணை இருந்தால் திறப்பதற்கு முன் சங்கு ஊதுவார்கள். அது சடங்குக்காக ஊதுவதில்லை. தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், காற்று சட்டென்று குளிர்ந்தால், சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறார்கள். மணல்திட்டில் யாராவது கூடாரம் விரித்தால், முன்பின் தெரியாதவர்கூட வந்து சொல்லிவிட்டுப் போவார். மற்ற விஷயங்களில் அடுத்தவர் காரியத்தில் தலையிடாத ஜனங்கள் அவர்கள்.

கடற்கரை முகாம்களும் உண்டு, நான் அதிகம் சிபாரிசு செய்வதில்லை. மணலில் முளை நிற்காது, உப்புக்காற்று எல்லாவற்றிலும் ஒட்டும், நிழல் இல்லை. ஓபோன் வந்துவிட்டால் கடலில் இறங்காதே என்பது பாட்டிமார் வாக்கு. இறந்தவர்கள் காலைப் பிடித்து இழுப்பார்கள் என்று பயமுறுத்துவார்கள். ஆகஸ்ட் நடுவில் ஜெல்லிமீன்கள் பெருகுகின்றன என்பதும், எங்கோ தூரத்தில் இருக்கும் புயல் கிளப்பிய பெரிய அலைகள் தெளிந்த வானத்தின் கீழே கரைக்கு வருகின்றன என்பதும் உண்மை. காரணம் எதுவானால் என்ன, அறிவுரை சரி.

இப்போது அந்த ஓர் இரவுக்கு வருவோம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அவர்கள் படும் பாடு தெரியும். முகாம் தளத்தில் பெரும்பாலும் பகல் ஒரு மணி அல்லது இரண்டு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். மறுநாள் பத்து, பதினொன்றுக்குள் காலி செய்ய வேண்டும். கையில் இருப்பது இருபது, இருபத்திரண்டு மணி நேரம். அதில் கூடாரமும் தார்ப்பாயும் கட்ட இரண்டு மணி, அவிழ்த்து மடிக்க இரண்டு மணி. ஏழு மணிக்கு இருட்டிவிடும் என்பதால் நாலு மணிக்கே அடுப்பு மூட்டியாக வேண்டும். ஒன்பது அல்லது பத்து மணிக்குச் சத்தம் அடங்க வேண்டும் என்பது விதி. இதற்கு நடுவில் ஆற்றில் விளையாட்டு, பக்கத்து ஊர் வெந்நீர் ஊற்றுக் குளியல். இந்தக் குளியலை மட்டும் எவ்வளவு நெருக்கடியிலும் விட மாட்டார்கள். எரிமலை நாடு, ஊற்று இல்லாத மலைப்பக்கம் குறைவு.

போக்குவரத்து நெரிசல் கணக்கில் சேரவில்லை. ஓபோன் வாரத்தில் நெடுஞ்சாலைகளில் பத்துக் கிலோமீட்டர்க் கணக்கில் வண்டிகள் நிற்கும். டோக்கியோவுக்கு மேற்கே சூவோ விரைவுச்சாலையில் கொபோதொகே சுரங்கப்பாதை என்று ஒன்று. அதற்கு முன்னால் சாலை லேசாக மேடேறும். ஓட்டுபவர் அறியாமலே வேகம் குறையும், பின்னால் வருபவர் பிரேக் அழுத்துவார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் அழுத்துவார். விபத்து ஏதும் இல்லாமலே ஒரு நெரிசல் பிறந்துவிடும். ஞாயிறு சாயங்காலம் வானொலியில் இந்தச் சுரங்கத்தின் பெயர் வராத வாரம் அரிது. ஆகவே குடும்பங்கள் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கே கிளம்புகின்றன. பின்னிருக்கையில் பிள்ளைகள் இரவு உடையோடு தூங்குவார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்கள் சாலையோர நிலையங்களில் காத்திருப்பார்கள். 1993இல் அரசு முறையாகத் தொடங்கிய ஏற்பாடு அது: வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, அந்த ஊர் விவசாயிகளின் காய்கறிக் கடை எல்லாம் ஒரே வளாகத்தில். அங்கே அன்று காலை பறித்த சோளமும் தக்காளியும் வாங்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொள்வார்கள். சமையலுக்கான திட்டம் பல வீடுகளில் அங்கேதான் உருவாகிறது.

கார் இல்லாமல் இந்த முகாம் பழக்கமே இல்லை. கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்துகிற தளங்கள் 1990களில் பெருகின. பஜேரோ மாதிரி உயரமான வண்டிகளின் மோகம் ஒரு பக்கம், வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு பரவலானது ஒரு பக்கம். ஜப்பான் ஆட்டோ கேம்ப் சங்கத்தின் கணக்குப்படி 1996இல் இப்படிப் போனவர்கள் 1 கோடியே 58 லட்சம் பேர். அதுதான் உச்சம். பிறகு பாதிக்கும் கீழே சரிந்து, மெல்ல ஏறி, 2019இல் 86 லட்சத்துக்கு வந்தது. அன்று பின்னிருக்கையில் தூங்கிய பிள்ளைகள்தான் இன்று ஓட்டுகிறார்கள்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அந்தப் பேச்சு தொடங்கினால் முடியாது. ஒன்று மட்டும். நீகாதா மாகாணத்தில் சான்ஜோ என்று ஒரு பழைய கொல்லர் ஊர், எடோ காலத்திலிருந்து ஆணி அடித்த ஊர். ஸ்னோ பீக் நிறுவனம் 1958இல் தொடங்கியது அங்கேதான். ஜப்பானியத் தளங்களில் மண்ணுக்கு அடியில் சரளைக்கல், அலுமினிய முளை வளைந்துவிடும். அதனால் உலையில் காய்ச்சி அடித்த இரும்பு முளை அங்கே எல்லோர் பெட்டியிலும் இருக்கிறது. அதே நிறுவனம் 1996இல் மடக்கி வைக்கக்கூடிய நெருப்புத் தட்டு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தரையில் நேரடியாகத் தீ மூட்ட அநேகத் தளங்களில் தடை. புல் கருகும், கரி மக்காது. தரையைத் தொடாத தட்டில் நெருப்பு, அதன் அடியில் ஒரு தீக்காப்புத் துணி, சாம்பலுக்குத் தனித் தொட்டி. புதியவர்கள் இவ்வளவு வாங்க வேண்டியதில்லை. வாடகைக்கே எல்லாம் தருகிற, வெறுங்கையோடு வரலாம் என்கிற தளங்கள் நிறைய. நூறு யென் கடைகளில்கூட முளையும் சின்ன இரும்புச் சட்டியும் கிடைக்கின்றன.

சாப்பாட்டுக்கு வருவோம். ராத்திரிக்கு ஒன்று கரியடுப்பில் சுட்ட இறைச்சி, அல்லது கறிச் சோறு. கறிச் சோறு ஏனென்றால் ஜப்பானியர் ஒவ்வொருவரும் பள்ளிப்பருவ மலை முகாமில் குழுக்குழுவாகப் பிரிந்து அதைச் சமைத்திருக்கிறார்கள். ஒரு குழு விறகு, ஒரு குழு உருளைக்கிழங்கு, ஒரு குழு சோறு. சோற்றுக்கு ஹாங்கோ என்ற தூக்குச்சட்டி. ராணுவத்திலிருந்து வந்தது, இடுப்போடு ஒட்டிக்கொள்ள வசதியாக அவரைவிதை மாதிரி வளைந்திருக்கும். உள்மூடி நிறைய அரிசி எடுத்தால் இரண்டு கோ, வெளிமூடி நிறைய எடுத்தால் மூன்று கோ. ஒரு கோ என்பது 180 மில்லி. அளவுப்படி கிடையாது, மூடியே படி. அரைமணி ஊறவைத்து, தீயில் தொங்கவிட்டு, பொங்கி அடங்கியதும் இறக்கிக் கவிழ்த்து வைப்பார்கள். கஞ்சி வடிக்கிற பேச்சே இல்லை, நீர் முழுதும் அரிசிக்குள் போய்விட வேண்டும். அடியில் பிடித்த பொன்னிறக் காந்தலுக்குச் சண்டை நடக்கும்.

குழம்பு? கடையில் கட்டிகளாக விற்பதைக் கரைப்பதுதான். அதிகம் விற்கும் வகைகளில் ஒன்றான வெர்மாண்ட் கறி 1963இல் வந்தது, ஆப்பிளும் தேனும் சேர்த்தது. நம் நாக்குக்கு அது இனிப்புப் பண்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஜப்பானில் வேலை பார்க்கும் நம்மவர்களில் சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ உண்டு. மசாலாப்பொடியை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது உத்தமம். அக்கம்பக்கத்துக் கூடாரங்கள் மூக்கைத் தூக்கிப் பார்க்கும், பார்க்கட்டும்.

பிள்ளைகளுக்கு இந்த முழு ஏற்பாடும் ஒரு வண்டுக்காக. காண்டாமிருக வண்டு. தலையில் கிளைத்த கொம்போடு, விரல் நீளத்தில், பளபளக்கும் பழுப்பு நிறத்தில் இருக்கும். நம் தென்னந்தோப்பில் குருத்தைக் குடைந்து, விவசாயி கம்பியால் குத்தி வெளியே இழுக்கிற வண்டின் நெருங்கிய சொந்தம். இங்கே எதிரி, அங்கே நாயகன். கோடையில் கடைகளில் பெட்டியில் அடைத்து விற்பார்கள். ஆனால் தானே பிடித்ததற்கு இருக்கிற மதிப்பு விலைக்கு வாங்கியதற்கு இல்லை. ஓக் வகை மரங்களில் சாறு கசியும் இடத்துக்கு ராத்திரி அது வரும். அப்பாமார் மசித்த வாழைப்பழத்தில் சாராயம் கலந்து, பழைய காலுறையில் கட்டி, சாயங்காலமே மரத்தில் தொங்கவிடுவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்க்க வேண்டும். வண்டு இருக்கலாம். அதே சாற்றுக்கு ராட்சதக் குளவியும் வந்திருக்கலாம், அதனால் பிள்ளையை முன்னால் விடக் கூடாது. கறுப்புச் சட்டையும் வேண்டாம், குளவிக்குக் கறுப்பு ஆகாது.

கொசுவுக்கு அவர்கள் கொளுத்துவது நம் வீட்டுக் கொசுவத்திச் சுருளைத்தான். சொல்லப்போனால் அது அங்கிருந்து வந்தது. வகயாமாவைச் சேர்ந்த உயேயாமா எய்இச்சிரோ முதலில் ஊதுபத்திபோல் நேர்க்குச்சியாகத்தான் செய்தார். முக்கால் மணியில் எரிந்து தீர்ந்துவிட்டது. சுருட்டினால் இரவெல்லாம் எரியும் என்பது அவர் மனைவி யூகி சொன்ன யோசனை. 1902இல் சுருள் கடைக்கு வந்தது. ஆற்றோரங்களில் கடிக்கிற சின்னக் கருப்பு ஈக்கு மட்டும் இந்தப் புகை போதாது. கணுக்காலில் கடித்தால் ஒரு வாரம் வீங்கும். காட்டு வேலைக்காரர்கள் இடுப்பில் தொங்கவிடுகிற தடித்த சுருள் வேண்டும், நீளக் காற்சட்டை வேண்டும்.

பள்ளியும் இதில் மறைவாக ஒரு கை வைத்திருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஜப்பானியப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் ஏராளம். அதில் ஒன்று படம் வரைந்து நாட்குறிப்பு எழுதுவது. வீட்டில் குளிர்சாதனத்துக்குக் கீழே படுத்துக்கிடந்த நாளை எப்படி வரைவது? அம்மாமார் இதை யோசிக்கிறார்கள். தர்ப்பூசணி உடைக்கிற விளையாட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பை ஓங்குவதில் நம் உறியடியேதான், ஒரு பக்கம். கம்பி மத்தாப்பு இன்னொரு பக்கம், அதையும் தளத்தில் ஒதுக்கிய இடத்தில்தான் கொளுத்தலாம், வானத்தில் பாய்கிற வெடிக்குத் தடை. இருட்டில் காட்டுப்பாதையில் இருவர் இருவராகப் போய்த் திரும்புகிற தைரியப் பரீட்சை மூன்றாவது பக்கம். பேய்க்கதை அங்கே கோடைக்குரியது, ஆவிகள் வந்து போகிற மாதம் அல்லவா.

பேயைவிடக் கவலைப்பட வேண்டியது கரடி. ஹொன்ஷூவில் கருங்கரடி, ஹொக்கைடோவில் அதைவிடப் பெரிய பழுப்புக் கரடி. கியூஷூவில் மட்டும் அழிந்துவிட்டதாக 2012இல் அறிவித்தார்கள். 2020 ஆகஸ்டில் காமிகோச்சிப் பள்ளத்தாக்கின் கோனாஷிதைரா தளத்தில் ராத்திரி ஒரு கரடி கூடாரத்தைக் கிழித்து, உள்ளே தூங்கிய பெண்ணைக் காயப்படுத்தியது. கரடி மோப்பம் பிடித்து வருவது சாப்பாட்டை. மிச்சச் சோறு, இறைச்சிக் கவர், பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் எதுவும் வெளியே இருக்கக் கூடாது. குப்பை விஷயத்தில் அவர்கள் காட்டுகிற கண்டிப்பை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் புரியும். எரிவது, எரியாதது, டப்பா, பாட்டில் என்று பிரித்து, பல தளங்களில் வீட்டுக்கே எடுத்துப் போகச் சொல்கிறார்கள்.

மழை வந்துவிட்டால்? நனைந்த கூடாரத்தைப் பெரிய குப்பைப் பையில் திணித்துக் காரில் போடுவார்கள். கஷ்டம் வீட்டில்தான் தொடங்கும். அடுக்குமாடியின் எட்டடி பால்கனியில் ஐந்தாள் கூடாரத்தை இரண்டு நாளைக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். கூரியரில் அனுப்பினால் கழுவிக் காயவைத்துத் திருப்பித் தருகிற தொழிலே அங்கே நடக்கிறது.

செலவு, காரோடு சேர்ந்த இடத்துக்கு ஓர் இரவு பெரும்பாலும் 5,000 யென்னிலிருந்து 10,000 வரை. ஓபோன் வாரத்தில் அதற்கும் மேலே போகும். பேர்பெற்ற தளங்களில் முன்பதிவு மூன்று மாதம் முன்பு திறந்த அன்றே தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால் ஓபோன் முடிந்த மறுவாரம்தான் சரி. சாலை காலி, விலை இறங்கியிருக்கும், மலையில் ராத்திரிக் காற்று மாறத் தொடங்கியிருக்கும். ஆனால் பல ஊர்களில் இப்போது ஆகஸ்ட் கடைசி வாரத்திலேயே பள்ளி திறந்துவிடுகிறார்கள். திறக்காத ஊரிலும் அந்த வாரம் பிள்ளைகள் வர மாட்டார்கள். நாற்பது நாள் தொடாமல் வைத்த வீட்டுப்பாடத்தை, நாட்குறிப்பில் விட்டுப்போன நாட்களின் வானிலை உட்பட, அப்போதுதான் மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.